பாதி சுரண்டிய தொட்டி

சீயக்காயை இரண்டாம் முறை தேய்த்த பிறகும் வாசனை போகவில்லை என்று சுப்புலக்ஷ்மி சொன்னாள். அவள் அடுத்த வீட்டுக்காரி. செண்பகத்தின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் தேய்த்தாள். நான்கு பெண்கள் பழைய புடவைகளைத் திரையாகப் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்க, யசோதா சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"இன்னாடி இது, இனிப்பா ஒரு வாசனை. பூவும் இல்ல, தைலமும் இல்ல. முடிக்குள்ள எறங்கிகீது."

"ஷெட்டு மருந்து," என்றாள் லட்சுமம்மா. இறந்துபோன மகளின் பாதங்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

யசோதா குனிந்து அக்காவின் ஈர முடியில் முகத்தை வைத்து முகர்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள். அவளுக்கு எந்த வாசனையும் வரவில்லை. மருந்து மட்டுமல்ல, சீயக்காயும் வரவில்லை. மஞ்சளும் வரவில்லை. கையிலிருந்த சொம்பு சாய்ந்தது. தண்ணீர் சிந்தியதைப் பார்த்து, "நீ போய் ஒக்காரு, நா ஊத்தறேன்," என்று ஒருத்தி சொம்பை வாங்கிக்கொண்டாள்.

அடுகோடிப் பக்கம் முதலாளி சேஷகிரியின் ஷெட்டில் அக்கா தங்கை இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வேலை. பெரிய ஃபாக்டரியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் சின்னச் சின்னப் பித்தளைத் துண்டுகளைக் கம்பிக்கூடையில் போட்டுத் தொட்டியில் இறக்கி எடுக்க வேண்டும். தொட்டியில் இருப்பது பார்க்கத் தண்ணீர் மாதிரிதான். சூடு ஏறினால் ஆவி எழும். அது பட்டால் பிசுக்கு இருந்த இடம் தெரியாது. டின் மேல் இங்கிலீஷில் நீளமாக என்னவோ பெயர் எழுதியிருந்தது. ஷெட்டில் எல்லோருக்கும் அது மருந்து. செண்பகம் கூடையை இறக்கி எடுப்பாள். யசோதா மரத்தூளில் புரட்டித் துடைப்பாள்.

சாயங்காலம் ஆனால் தலை லேசாகிவிடும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்தால் தலைவலி. தலைவலிக்குப் பழகிக்கொண்டார்கள். ஆனால் இந்த வருஷம் செண்பகத்தின் முகம் மரத்துப்போக ஆரம்பித்தது. சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, ரத்தம் சோற்றில் விழுந்த பிறகுதான் பார்ப்பாள். குழம்பில் உப்பை அள்ளிப் போடுவாள். அவள் புருஷன் முனிராஜ் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துச் சாப்பிடுவான்.

ஆவணியில் ஒருநாள் யசோதாவின் இடது கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிட்டாள். எறும்பு இல்லை. ஆனால் ஊர்வது நிற்கவில்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு இருக்கிற கவலை போதாதா என்று நினைத்தாள். அதற்குப் பிறகு தினமும் ராத்திரி போர்வைக்குள் நகத்தால் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பாள். நேற்று உணர்ந்த இடத்தில் இன்று உணர்வு இருக்கிறதா என்று தேடுவாள்.

வடக்கே சீனாக்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. ராணுவத்துக்கு ஒயர்லெஸ் பெட்டி செய்கிற ஃபாக்டரி அவசரப்படுத்த, ஷெட்டில் வேலை இரண்டு மடங்கானது. தொட்டியின் அடியில் கரியும் பிசுக்குமாகச் சேறு கட்டிவிட்டது. நேற்று மருந்தைப் பீப்பாய்களில் வடித்துவிட்டு, சேற்றைச் சுரண்டச் செண்பகத்தை இறக்கினார்கள். மார்பளவு ஆழம். பாதி சுரண்டியதும் அவள் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தாள். "மிச்சத்த நாளைக்கி வெச்சிக்கலாம் சாமி," என்று மேஸ்திரியைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். யசோதாவும் சிரித்தாள்.

வெளியே வந்ததும் மழை பிடித்தது. "ஓடலாம் வாடி," என்று செண்பகம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கடைத்தெருக் கூரையை எட்டுவதற்குள் முகம் குப்புற விழுந்தாள். வழுக்கிவிட்டாள் என்று நினைத்து யசோதா சிரித்துக்கொண்டேதான் கிட்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதில் ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டார். ஓடி வந்து நின்ற லட்சுமம்மா, பள்ளிக்கூடம் போகும்போது மேடு ஏறினால் மூச்சு வாங்கும் என்றாள். ஹார்ட் என்று முடிந்துவிட்டது.

குளிப்பாட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, செண்பகத்தை வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். முனிராஜின் அண்ணன் தாஸ் தங்கவயலிலிருந்து ரயிலில் வர வேண்டும். அவர் வந்ததும் எடுத்துவிடலாம் என்று பேச்சு. முனிராஜ் சுவரோரமாக நின்றுகொண்டு, ஜோகுபாளையத்துச் சந்தில் வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுப்புலக்ஷ்மி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். யசோதா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து குடித்தாள். எதிரில் இருந்த லட்சுமம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பது தெரிந்தது. பிறகு எழுந்து வந்து முந்தானையால் யசோதாவின் வாயோரத்தைத் துடைத்தாள். யசோதா குனிந்து பார்த்தாள். காப்பி மோவாயிலிருந்து சொட்டி மடியெல்லாம் நனைத்திருந்தது.

லட்சுமம்மா டம்ளரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"சுடலியாடி?"

யசோதா தலையாட்டினாள். இல்லை என்றா, ஆம் என்றா, அவளுக்கே தெரியவில்லை.

"எப்பலேர்ந்து?"

"ஆவணிலேர்ந்து."

"அவகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

லட்சுமம்மா ஈர முந்தானையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் அழவில்லை. பெரியவளின் முகத்தைப் பார்ப்பாள், திரும்பிச் சின்னவளின் முகத்தைப் பார்ப்பாள்.

மைக்கேல்ராஜ் மேஸ்திரி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ரோஜா மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றார். நாற்பதைத் தாண்டிய மனிதர். கீழுதட்டில் காசளவு ஒரு கறுத்த வடு.

"மொதலாளி ரொம்ப வருத்தப்பட்டாரும்மா," என்றார் லட்சுமம்மாவிடம். "யசோதா பதினாறாம் நாள் முடிஞ்சி வரட்டும்னாரு. அக்கா எடத்த அதுக்கே குடுக்கறேன்னு சொல்லச் சொன்னாரு."

மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடுக்கற வரைக்கும் நிக்கணும்தான். ஷெட்டு தொறந்து கெடக்குது. ஜல்தி போவணும்."

யசோதா நிமிர்ந்தாள். "ஞாயித்துக்கெழம ஷெட்டு எதுக்கு மேஸ்திரி?"

"நாளைக்கி சரக்கு போவணுமே. சண்டை நேரம். டேங்க்கு பாதியில நிக்குது."

"யாரு சுரண்டறது?"

அவர் மாலையில் உதிர்ந்திருந்த இதழ்களை ஒதுக்கினார். "தனலக்ஷ்மி வந்துகீது. ஓவர்டைம்."

தனலக்ஷ்மி நீலசந்திராவிலிருந்து வருகிற பெண். பதினெட்டு வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை. தினமும் கதம்பம் வாங்கிவந்து எல்லோருக்கும் கிள்ளிக் கொடுப்பாள்.

"தனியாவா?"

"வாசல்ல வாட்ச்மேன் கீறான்."

யசோதா எழுந்து நின்றுவிட்டாள். "நேத்து அக்காவும் சிரிச்சிகினேதான் மேல வந்தா."

"டாக்டரு ஹார்ட்டுன்னு எழுதிட்டாரு யசோதா."

"ஓடினதும் உழுந்தா மேஸ்திரி. பக்கத்துல இருந்தது நானு. டாக்டரு இல்ல."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி சுவர்ப் பக்கம் போய்ச் சைக்கிளைப் பிடித்தார். கிளம்பாமல் நின்றார்.

"என்னயும் இட்டுகினு போங்க," என்றாள் யசோதா.

"இன்னாடி பேசற?" என்று சுப்புலக்ஷ்மி பதறினாள். "பொணம் வாசல்ல கெடக்குது. கூடப் பொறந்தவ படி தாண்டுவியா? அதுவும் ஆம்பளகூட சைக்கிள்ல?"

யசோதா அம்மாவைப் பார்த்தாள். தாஸ் மாமா வந்தால் எடுத்துவிடுவார்கள். போனால், திரும்பி வரும்போது இந்தப் பெஞ்சு காலியாக இருக்கும். அதை அம்மா யோசிக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"எடுத்துடுவாங்கடி," என்றாள் லட்சுமம்மா.

"தெரியும்மா."

"போ."

யசோதா குனிந்து அக்காவின் கன்னத்தில் கை வைத்தாள். கை சில்லென்றது.

"அந்த டேங்க்குல நீ எறங்கக் கூடாது," என்றாள் லட்சுமம்மா. "என் மேல ஆணை."

அக்காவைக் குளிப்பாட்டிய ஈரம் இன்னும் உலராத புடவையோடு அவள் சைக்கிள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். சந்து திரும்பும்வரை யாரோ திட்டுவது கேட்டது.

ட்ரினிட்டி சர்ச் மேட்டில் மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது. அவர் முதுகு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் பிடித்தது. இவரும் அதே ஷெட்டில் ஐந்து வருஷமாக நிற்கிறார்.

"எறங்கி நடக்கறேன் மேஸ்திரி."

"ஒக்காரு. நேரமில்ல."

மேட்டைத் தாண்டியதும் போலீஸ்காரன் கையை நீட்டி நிறுத்திவிட்டான். ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. ரோட்டோரத்தில் ஜனங்கள் கைதட்டினார்கள். பெண்கள் ஜவான்களுக்கு ஆரஞ்சுப்பழம் எறிந்தார்கள். ஒரு லாரி போனால் அதன் பின்னால் இன்னொரு லாரி. யசோதா கேரியரிலிருந்து இறங்கி எம்பிப் பார்த்தாள். வரிசைக்கு முடிவு தெரியவில்லை.

"எப்ப எறங்கினா அவ?"

"நா கெளம்பறப்ப எறங்கிகினு இருந்தா."

"மூஞ்சில துணி கட்டினாளா?"

"கட்டச் சொன்னேன்."

"கட்டினாளா?"

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் கீழுதட்டு வடுவைத் தடவிக்கொண்டு, கைதட்டல் சத்தத்துக்கு நடுவில், அவளைப் பார்க்காமலே பேசினார்.

"போன மாசம் பீடி குடிச்சிகினு இருந்தேன். பக்கத்துல இருந்தவன், இன்னா மேஸ்திரி கருகற வாசன வருதுன்னான். பாத்தா என் ஒதடு."

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"நீ சொன்னியா? ஷெட்டுல கன்னத்த தட்டிகினே இருந்தியே."

கடைசி லாரி போனது. போலீஸ்காரன் கையை இறக்குவதற்குள் மேஸ்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட, அவள் பின்னாலேயே ஓடி ஏறினாள். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா. தனலக்ஷ்மியின் வீடு இங்கேதான் எங்கோ இருக்கிறது. அவளுடைய அம்மா இந்தக் குழாயடிக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைகளில் கூட்டம். மேஸ்திரி மணியை அடித்துக்கொண்டே போனார்.

வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். "உள்ள பாட்டு பாடிகினு இருந்திச்சி சார்," என்றான். "இப்பதான் நிறுத்திச்சி."

ஷெட்டுக்குள் சத்தமே இல்லை. சுரண்டுகிற ஓசை இல்லை. யசோதா உள்ளே ஓடினாள். தொட்டியின் விளிம்பில் ஒரு ஜோடிச் செருப்பும் கதம்பச் சரம் ஒன்றும் இருந்தன.

எட்டிப் பார்த்தாள். தனலக்ஷ்மி அடியில் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சேறு சுரண்டும் தகடு மடியில் கிடந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. வாய் சிரித்தபடி இருந்தது.

மேஸ்திரி குதிக்கப் போனார். யசோதா அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"நீங்களும் உழுந்தா யாரு தூக்கறது? இங்கேர்ந்தே புடிங்க!"

விளிம்பில் குப்புறப் படுத்தார்கள். யசோதா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடுப்புவரை தலைகீழாகத் தொங்கினாள். கைக்கு முதலில் முடிதான் கிடைத்தது. பிறகு ரவிக்கை, பிறகு அக்குள். மேஸ்திரி மறுபக்கத்துக் கையைப் பிடித்துவிட்டார். பிசுக்கில் வழுக்கியது. ஒருமுறை தனலக்ஷ்மி நழுவித் திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேன் ஓடி வந்து யசோதாவின் கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டான். மூச்சு முட்டி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. இழுத்தார்கள்.

வெளி முற்றத்தில், காற்று வருகிற பக்கமாகப் படுக்க வைத்தார்கள். தனலக்ஷ்மி புரண்டு வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து யசோதாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"யசோதாக்கா, நீ இன்னா இங்க? செண்பகாக்காவ எடுத்துட்டாங்களா? இத முடிச்சிட்டு ஓடி வரலாம்னு இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு.

"எங்கயும் ஓடாத."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எழுந்திரிக்கிறேன் பாரு." கையை ஊன்றினாள்.

யசோதா அவள் தோள்கள் இரண்டையும் பிடித்துத் தரையோடு அழுத்தினாள். "எழுந்திரிக்காத. சொன்னா கேளு. அப்பிடியே கெட."

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்."

மேஸ்திரி வாட்ச்மேனைப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் துரத்தினார். டாக்டர் வீட்டில் இருப்பாரோ இல்லையோ. வந்தாலும் என்ன சொல்வாரோ. தான் செய்வது சரியா என்றும் யசோதாவுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அக்கா சிரித்தாள், ஓடினாள், விழுந்தாள். இவள் சிரித்தாகிவிட்டது. அவள் தனலக்ஷ்மியின் தலையை மடியில் ஏற்றிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஓடியது, தயங்கியது, மறுபடி ஓடியது. தயங்கும்போதெல்லாம் இவள் விரலை இன்னும் அழுத்தினாள்.

"பேசிகினே இரு," என்றாள். "எதாச்சும் சொல்லு."

"இன்னா சொல்றது?"

"எதுவானாலும்."

தனலக்ஷ்மி தீபாவளிக்கு எடுத்த புடவையைப் பற்றிச் சொன்னாள். மயில் கழுத்து நிறம். தண்ணீரில் போட்டதும் சாயம் போய்விட்டது. கடைக்காரனிடம் அம்மா சண்டைக்குப் போனாள். அவன் கன்னடத்தில் திட்ட, அம்மா உருதுவில் திட்டினாள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் குழறின, பிறகு தெளிந்தன. யசோதா ஒவ்வொரு வார்த்தைக்கும் "உம்" கொட்டினாள். வெயில் சுவரிலிருந்து இறங்கி அவர்கள் காலடிக்கு வந்தது. டாக்டரைத் தேடிப் போன வாட்ச்மேன் இன்னும் திரும்பவில்லை. தங்கவயல் வண்டி இந்நேரம் வந்திருக்கும்.

மேஸ்திரி தொட்டியருகே போய் நின்றார். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் மொதலாளி வருவாரு," என்றார் யாரிடமும் இல்லாமல்.

"வரட்டும்," என்றாள் யசோதா.

"மருந்த ஊத்தி நாளைக்கி காலைல கூடை எறக்கணும்னாரு."

மடியில் இருந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"தலைய வலிக்குதுக்கா. பொளக்குது."

யசோதா அவள் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். செண்பகத்துக்கு நேற்று தலைவலி வரவேயில்லை. "வலிக்கும்," என்றாள். "வலிக்கும்டி. நல்லா வலிக்கும்."

"செண்பகாக்காவ எடுத்திருப்பாங்க இல்ல?"

"எடுத்திருப்பாங்க. கல்பள்ளி சுடுகாட்டுக்குக் கொண்டு போயிகினு இருப்பாங்க."

புதுச் சுவர் எழுப்புவதற்காக முற்றத்தில் செம்மண் கொட்டி வைத்திருந்தார்கள். மேஸ்திரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மம்முட்டியையும் மண் அள்ளும் பாண்டையும் எடுத்துவந்தார். ஒரு பாண்டு மண்ணை வாரி உள்ளே கொண்டுபோய்த் தொட்டிக்குள் கொட்டினார். வெறும் இரும்பில் மண் விழுந்து சத்தம் எழும்பியது. திரும்பி வந்து இன்னொரு பாண்டு நிரப்பினார். அதைக் கொட்டியபோது சத்தம் குறைந்திருந்தது. மூன்றாவதுக்கு மண்மேல் மண் விழுந்தது.

யசோதா திரும்பிப் பார்க்கவில்லை. மம்முட்டி ஏறி இறங்க, செம்மண் தூசு காற்றில் வந்து தனலக்ஷ்மியின் இமைகளில் படிந்தது. அவள் கண்ணைக் கசக்கக் கையைத் தூக்கினாள். யசோதா அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு, குனிந்து மெதுவாக ஊதினாள்.